பேய்க்குச் சம்பளம் இல்லை
(தல்லாகுளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர்கள் சிலர், "அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேய்ப்படமா?" என்று கேட்டார்கள். ஆமாம், பேய்ப்படம்தான். அதிலும் பெரிய படம் இல்லை. கையில் காசில்லாதவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீட்டையோ காட்டையோ பிடித்து, நாலைந்து நடிகர்களை மட்டும் வைத்து எடுத்து முடிக்கிற படம். அந்த வகையில் தமிழில் நன்றாகத் தேறியது என்று நான் சொல்லக்கூடிய படம் 'பீட்சா'. 2012 அக்டோபர் 19 அன்று வந்தது. எடுத்த கார்த்திக் சுப்பராஜ் நம் மதுரைக்காரர், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஊர்ப்பாசத்தில் இதைப் பேச வரவில்லை. அந்தப் படத்தில் நடக்கும் காரியத்தை இதே ஊரைச் சேர்ந்த இன்னொருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு காப்பியத்துக்குள் செய்து வைத்திருக்கிறார். அவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

முதலில் காசுக் கணக்கைப் பேசிவிடுவோம். பேய்ப்படத்தில் வரும் தனித்த பங்களா கதாசிரியரின் கற்பனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது தயாரிப்பு நிர்வாகியின் கற்பனை. தெருவில் எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், கூட்டத்தை விலக்க ஆள் வேண்டும், துணை நடிகர்கள் வேண்டும், அத்தனை பேருக்கும் பேட்டா, சாப்பாடு. ஒரே வீட்டுக்குள் எடுத்தால் வண்டி வாடகை மிச்சம். விளக்குகளை ஒருமுறை கட்டிவிட்டால் நாள்கணக்கில் கழற்ற வேண்டாம். சன்னலுக்குக் கறுப்புத் துணியைப் போட்டால் பட்டப்பகலிலேயே நடுராத்திரியை எடுத்துவிடலாம். பெரிய நாயகனும் வேண்டாம். பயப்பட வருகிற கூட்டம் நாயகன் முகத்துக்காக வருவதில்லை. பேய்க்கோ சம்பளமே இல்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுக்க, பென்சில்வேனியாவில் இடிப்பதற்கென்று வைத்திருந்த ஒரு பண்ணை வீட்டைப் பிடித்தார். இடிக்கப்போகிற வீடு, ஆகவே எதை உடைத்தாலும் கேட்பாரில்லை. செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமானதாக இருந்தது. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை வாசகம் பிரதிகளில் விடுபட்டுப்போய், படம் பொதுச்சொத்தாகிவிட்டது. கண்டவர்களும் போட்டார்கள், போட்டதால் புகழ் பரவியது, எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் திகிலூட்டும் பகுதி இதுதான்.

சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' 1981இல் வந்தது. டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் பக்கம் ஒரு பாழடைந்த மரக்குடிலில், குளிர்காலத்தில் எடுத்தார்கள். கேமராவைத் தண்டவாளம் போட்டுத் தள்ள வசதியில்லை. ஒரு கட்டையின் நடுவில் கேமராவை முடுக்கி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். தரையை ஒட்டி ஏதோ ஒன்று விரட்டி வருகிற மாதிரி அது திரையில் விழுந்தது. காட்டுக்குள்ளிருந்து வருகிற அந்த 'ஏதோ ஒன்று' எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்டப்படுவதில்லை. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' இன்னும் கறார். மேரிலாந்துக் காட்டில் மூன்று நடிகர்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்து எட்டு நாள் அலையவிட்டு, சாப்பாட்டையும் நாளுக்கு நாள் குறைத்தார்கள். சூனியக்காரி கடைசிவரை திரைக்கு வரவே இல்லை.

நம் நாட்டில் ராம்சே சகோதரர்கள். 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' எடுக்கக் குடும்பத்தோடு மகாபலேஸ்வரத்துக்குப் போய் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கிக்கொண்டார்கள். எழுத்து, கேமரா, ஒலி, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அண்ணன் தம்பிகளே. வெளியாள் கூலி என்று ஒன்று கிடையாது. ஆனால் ராம்சேக்கள் பேயைக் காட்டிவிடுவார்கள். முகமூடியை மாட்டி, பச்சை விளக்கைப் போட்டு, நெருக்கத்தில் காட்டிவிடுவார்கள். அதனால்தான் இன்று அவற்றைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

தெற்கே வழி வேறு. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் வந்தது. பாழடைந்த ஜமீன் மாளிகை, கறுப்பு வெள்ளை, ஏ.வின்சென்ட் ஒளிப்பதிவு. மறு ஆண்டே அதே வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். எழுதியவர் வைக்கம் முகம்மது பஷீர். ஆள் குடியேறாத ஒரு வீட்டில் ஓர் எழுத்தாளன் தனியாக வந்து தங்குகிறான். அங்கே இறந்துபோன பெண்ணோடு பேசத் தொடங்குகிறான். பதில் வராத பேச்சு. பயத்தை உண்டாக்க ஒரு மனிதன் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாலே போதும் என்று பஷீருக்குத் தெரிந்திருந்தது. தமிழில் வீணை எஸ்.பாலசந்தர் 1970இல் 'நடு இரவில்' கொடுத்தார். ஒரு தீவு, ஒரு மாளிகை, உறவினர் கூட்டம், ஒவ்வொருவராகச் சாவு. அதில் பேய் இல்லை, கொலைதான். ஆனால் தனித்த இடத்தை வைத்து ஒரு முழுப்படத்தை ஓட்டலாம் என்று தமிழில் நிரூபித்தது அது. இதே பாலசந்தர்தான் 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவர். அதில் சாட்சிகள் ஒவ்வொருவரும் தாங்கள் ஊகித்ததைச் சொல்ல, அந்த ஊகமெல்லாம் நடந்ததுபோலவே திரையில் விரியும். சொல்லுகிறவன் சொல்வதெல்லாம் நடந்ததாக வேண்டியதில்லை என்ற இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'பீட்சா'வின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கார்த்திக் சுப்பராஜ் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதற்குப் பணம் அதிகம் வேண்டியிருந்ததால் சின்னச் செலவில் முடிகிற கதை ஒன்றை எழுதினார். தயாரிக்க முன்வந்த சி.வி.குமார் அதே ஆண்டு 'அட்டகத்தி'யையும் கொண்டுவந்தவர். 'பீட்சா' ஒன்றரைக் கோடி ரூபாய் அளவில் முடிந்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நாயகனாக நடித்த விஜய் சேதுபதி அன்று நட்சத்திரம் கிடையாது. படம் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. முடிவைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மைக்கேல் பீட்சா கடையில் வேலை பார்க்கிறான். அவனோடு வாழும் அனு பேய்க்கதை எழுதுகிறவள். அவனுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் ரத்தக்கறையோடு, பேயறைந்தவன் மாதிரி கடைக்குத் திரும்புகிறான். பீட்சா கொடுக்கப்போன பங்களாவில் என்ன நடந்தது என்று முதலாளியிடமும் கூட வேலை பார்க்கிறவர்களிடமும் சொல்லத் தொடங்குகிறான். கதவு பூட்டிக்கொள்கிறது. விளக்கு அணைகிறது. கையில் இருப்பது ஒரு டார்ச். அதற்கப்புறம் நீண்ட நேரத்துக்கு அந்த டார்ச் வட்டத்துக்குள் விழுகிறது மட்டுமே நமக்குத் தெரியும். கோபி அமர்நாத்தின் கேமரா அந்த வட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற வேலையைச் சத்தம் பார்த்துக்கொள்கிறது: மாடியில் காலடி, கதவுக் கீச்சு, திடீரென்று ஒன்றும் இல்லாமல் போவது. 7.1 ஒலியமைப்பில் வந்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் இதுவும் ஒன்று. சந்தோஷ் நாராயணனின் இசை எங்கே வாயை மூடிக்கொண்டது என்று கவனித்துப் பாருங்கள். பேய்ப்படத்துக்கு இசையமைக்கிற பலருக்கு அந்த அடக்கம் வாய்ப்பதில்லை. வயலினை எடுத்து இழுத்துவிடுவார்கள்.

கடைசியில் தெரியவருகிறது, மைக்கேல் சொன்ன அத்தனையும் கட்டுக்கதை. முதலாளி தன் வீட்டில் கொடுக்கச் சொன்ன பெட்டிக்குள் வைரங்கள் இருந்தன. முதலாளிக்குப் பேய் என்றால் நடுக்கம். பேய்க்கதை எழுதத் தெரிந்த அனு கதையைக் கட்டுகிறாள், மைக்கேல் அதை நடித்துச் சொல்கிறான், கேட்கிறவர் நடுங்குகிறார், அந்த நடுக்கத்தின் மறைவில் வைரம் கைமாறிவிடுகிறது.

இங்கேதான் ஒரு சின்னப் படம் பெரிய படமாகிறது. நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்த அந்தப் பங்களாக் காட்சி படத்துக்குள்ளேயே நடக்கவில்லை. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொன்னது. அதாவது மிகச் செலவு குறைந்த தந்திரம் எதுவோ அதைத்தான் இயக்குநர் கையாண்டிருக்கிறார்: ஓர் ஆள், ஒரு கதை, கேட்பதற்குப் பயந்த ஒரு காது. பேயை இவர் நம்பிக்கையாகவும் பார்க்கவில்லை, மூடநம்பிக்கை என்று உபதேசம் செய்யவும் இல்லை. ஒருவன் இன்னொருவனிடம் பேய்க்கதை சொல்கிறான் என்றால் அந்த நேரத்தில் எதை நகர்த்துகிறான் என்று கேட்கிறார்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். எல்லாம் முடிந்தபின் மைக்கேல் வேறொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோகிறான். அங்கே நிஜமாகவே கதவு அடைத்துக்கொள்கிறது. தியேட்டரில் அந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது. எனக்கு அது பின்வாங்கல் என்றே படுகிறது. பொய்யால் எழுப்பிய கட்டடத்தைப் பொய்யாகவே விட்டிருந்தால் படம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். உங்களில் பலர் ஒப்பமாட்டீர்கள். பரவாயில்லை.

இப்போது சாத்தனாரிடம் போவோம். அவருடைய மணிமேகலைக் காப்பியத்தில் 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை' என்று ஒரு பகுதி. காவிரிப்பூம்பட்டினம், இரவு, உவவனம் என்ற பூங்கா. உதயகுமாரன் என்ற இளவரசன் காப்பிய நாயகி மணிமேகலையை அடைய அலைகிறான். மணிமேகலா தெய்வம் வேற்றுருவில் வந்து, மணிமேகலையும் தோழி சுதமதியும் பக்கத்திலிருக்கும் சக்கரவாளக் கோட்டத்துக்குப் போய்விடுவது நல்லது என்கிறது. ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்று சொல்லும் இடத்துக்கு நீ ஏன் இந்தப் பெயர் சொல்கிறாய் என்று சுதமதி கேட்கிறாள். தெய்வம் கதை சொல்லத் தொடங்குகிறது.

அந்தக் கதையில் சாத்தனார் முதலில் இடத்தைக் கட்டுகிறார். மதில், வாயில்கள், எரிப்பவர்கள், புதைப்பவர்கள், தாழியில் கவிப்பவர்கள். அடுத்து ஒலி. அழுகிறவர்களின் ஓசை, நரியின் ஊளை, சாகப்போகிறவனைக் கூப்பிடும் கூகை, குரால், ஆண்டலை என்று பறவைக் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். உருவம் எதுவும் வருமுன்னே காது நிறைந்துவிடுகிறது. அப்புறம்தான் சார்ங்கலன் என்ற இளைஞன் தனியே அந்த வழியில் வருகிறான். தலையொன்றைக் கையில் ஏந்தி ஆடும் பேய்மகளைக் காண்கிறான். நடுங்கி ஓடி, தாய் கோதமையிடம் சொல்லி, உயிர் விடுகிறான். தாய் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காவல் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். தெய்வங்கள் அத்தனையும் கூடி வந்தும் போன உயிரை மீட்டுத் தர முடியவில்லை. அந்த நிகழ்ச்சியின் நினைவாக எழுந்ததுதான் சக்கரவாளக் கோட்டம்.

தனி ஆள், தனித்த இடம், முதலில் சத்தம், கடைசியில் ஒரே ஒரு காட்சி. இதைக் கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்றைக்கும் எந்தச் சின்னத் தயாரிப்பாளரும் படித்துப் பார்ப்பார். ஆனால் என்னை மலைக்க வைப்பது இதற்கடுத்த வரிகளில் இருக்கிறது. கதை கேட்ட சுதமதி கலங்கி, அப்படியே உறங்கிப்போகிறாள். அவள் உறங்கிய அந்த நேரத்தில் மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தழுவி எடுத்துக்கொண்டு வான்வழியே மணிபல்லவத் தீவுக்குப் போய்விடுகிறது. தெய்வம் எதற்காகப் பேய்க்கதை சொன்னது? காவலுக்கு இருப்பவள் கண்ணயர வேண்டும், பெண் இடம் மாற வேண்டும். வைரத்துக்குப் பதில் மணிமேகலை, அவ்வளவுதான் வித்தியாசம். உரைகாரர்கள் இந்தக் காதையை நிலையாமைக்கு விளக்கமாக எடுத்துப் பேசுவார்கள். அதுவும் இருக்கிறது. ஆனால் தானியம் விற்ற கூலவாணிகருக்குச் சரக்கு எப்படிக் கைமாறும் என்பதும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கார்த்திக் சுப்பராஜ் மணிமேகலையைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. இந்த மண்ணில் பயம் சொல்லப்படுகிற விதம் அப்படி. இன்னொரு சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். சித்திரையில் அழகர் மதுரைக்கு வருகிறபோது இந்தத் தல்லாகுளத்தில் எதிர்சேவைக்காக விடிய விடிய நின்றவர்கள்தான் இங்கே பாதிப்பேர். அவர் மலையைவிட்டுக் கிளம்பும்போது யாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறார்? பதினெட்டாம்படிக் கருப்பரிடம். அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக மலையாள தேசத்து மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் வந்தார்கள், அவர்களைக் கொன்று படிக்கொருவராகப் புதைத்தார்கள், அவர்களோடு வந்த கருப்பர் இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார் என்பது கதை. அங்கே போனால் என்ன தெரிகிறது? அடைத்த கதவு. சந்தனமும் மாலையும் அந்தக் கதவுக்குத்தான். அந்தக் கதவுக்கு முன் நின்று பொய்ச்சத்தியம் செய்ய இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. சிலை வைத்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

'பீட்சா'வுக்குப் பிறகு வந்த கூட்டம் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. வசூலைப் பார்த்தார்கள், பங்களாவைப் பிடித்தார்கள், கணினியில் பேய் செய்தார்கள். 'முனி' 2007இலேயே தொடங்கிவைத்த சிரிப்புப் பேய் 'காஞ்சனா', 'அரண்மனை' வழியாக ஒரு தொழிலாகவே ஆனது. குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே பேய்க்குச் சம்பளம் வந்துவிட்டது. ஒப்பனை, கிராபிக்ஸ், முன்கதை, பாட்டு என்று நாயகிக்கு ஆகிற செலவு பேய்க்கும் ஆகிறது. விதிவிலக்காக 2015இல் வந்த 'டிமான்ட்டி காலனி'யைச் சொல்வேன். நான்கு நண்பர்கள், ஓர் அறை, அவர்களுடைய சாவையே அவர்களுக்குக் காட்டும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஓர் அறையை வைத்துக்கொண்டு பாதிப்படத்தை மூச்சுமுட்ட ஓட்டினார் அஜய் ஞானமுத்து.

எனக்கு உள்ள பெரிய வருத்தம் இடத்தைப் பற்றியது. கொடைக்கானல், ஊட்டி என்று வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவுக்கே நம் பேய் குடிபோகிறது. மதுரைச் சமவெளிக்காரனுக்குப் பங்களாவைக் கண்டு பயமில்லை. அவன் பயந்த இடங்கள் வேறு: உச்சிவேளைக் கண்மாய்க்கரை, ஆள் இல்லாத களத்துமேடு, முனி இருக்கும் புளியமரம், சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை. பாதிப் பயம் பட்டப்பகலில் வருவது. இத்தனை அரிவாள் படங்கள் எடுத்த மதுரையில் ஒரு கண்மாய்ப் பேய்ப்படம் உண்டா?

புது இடங்களும் உருவாகியிருக்கின்றன. 'பீட்சா' வந்த 2012ஆம் ஆண்டில்தான் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேடு பெரிதாக வெளியே வந்து குவாரிகள் நின்றன. செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், ஆள் அரவமில்லை. பின்னால் அதை விசாரிக்க உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ.சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அவரிடம் வந்த புகார்களில் நரபலிப் புகாரும் ஒன்று. 2015 செப்டம்பரில் மலம்பட்டிப் பக்கம் சுடுகாட்டைத் தோண்டிப் பார்க்கப் போனார். வேலை அன்று நடக்கவில்லை. இடம் கலைந்துவிடக் கூடாதென்று அந்தச் சுடுகாட்டிலேயே இரவு படுத்துக்கொண்டார். மறுநாள் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. புகாரின் உண்மையைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்லவருவது அந்த இரவைப் பற்றி. சார்ங்கலன் பார்த்ததும் ஓடிய மாதிரியான இடத்தில் ஓர் அரசு அதிகாரி ஆதாரத்துக்குக் காவலாகப் படுத்திருந்தார். பேய் எங்கே, எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்கிற படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பங்களாவில் கிடைக்கும்?

கடைசியாக இரண்டு விண்ணப்பங்கள். மாணவர்களே, கையிலிருக்கும் செல்போன் போதும். கதையை எழுதுமுன் உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு வாருங்கள். கிராபிக்ஸ் தெரிந்த நண்பனைக் கூட்டிப்போகாதீர்கள். கதை சொல்லத் தெரிந்த பெரியம்மா, அப்பத்தா யாராவது இருந்தால் அவர்களைக் கூட்டிப்போங்கள். அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு என்னைப்போல ஒருவரை நிறுத்தி ஒரு மணி நேரம் பேசவைப்பதற்குப் பதிலாக, மாணவர்கள் எடுத்த பத்து நிமிடப் படங்கள் மூன்றை இதே அரங்கில் திரையிடுங்கள். செலவுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பங்களா காட்டுகிற படத்தைத் தேர்வுக்கே எடுத்துக்கொள்ளாதீர்கள்.